மழைச்சீட்டு

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் வாரியத்தில் இரண்டே இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்றில் 'ஏற்கப்பட்டது' என்றிருக்கும். மற்றதில் 'மறுக்கப்பட்டது'. முதல் முத்திரை வாங்கிய நாளில் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. இரண்டாவது தேய்ந்து தேய்ந்து, எழுத்து மங்கி, பல தடவை புதிதாகச் செய்விக்கப்பட்டது.

வாரியம் சிட்னியில், மத்திய ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இயங்கியது. கடல் கடந்து வந்த டாக்டர்களும் இன்ஜினியர்களும் கொண்டுவரும் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா செல்லாதா என்று சொல்வதுதான் அதன் வேலை. செல்லாது என்று சொல்வதில் அதற்கு நல்ல அனுபவம் இருந்தது.

யோகேஸ்வரன் அங்கே கிளார்க். வட்டுக்கோட்டைக்காரர். கொழும்பில் பல வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு, வெள்ளையரல்லாதவர்களுக்கும் ஆஸ்திரேலியா கதவைத் திறந்தபோது முதல் வரிசையில் வந்து சேர்ந்தவர். வாரியத்தில் இருந்த ஒரே தமிழர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டால், பதிலை அவருடைய முகத்திலிருந்தே எடுத்து அவருக்கே கொடுக்கிற ஒரு சாமர்த்தியம் அவரிடம் இருந்தது. கொழும்பில் சம்பாதித்த சொத்து அது ஒன்றுதான்.

எழுபத்தைந்தாம் வருஷம் வாரியத் தலைவர் ஹார்கிரீவ்ஸ் ஆய்வுப் பயணமாக அமெரிக்கா போய்வந்தார். என்ன ஆய்ந்தார் என்பது தெரியாது. வந்த மறுநாளே எல்லோரையும் பெரிய அறையில் கூட்டினார்.

"சிகாகோவில் ஓர் உயர் அதிகாரியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன்," என்றார். "அவர் புன்னகையோடு என் தோளில் தட்டி, 'ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்' என்றார். சாப்பிட வரவில்லை. ஆனால் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அவர் மறுத்துவிட்டார் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நண்பர்களே, அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்."

அறையில் இருந்த எல்லோரும் தலையசைத்தார்கள். கிரிக்கெட்டில் ஊறிய ஊர் அது. பேஸ்பாலிலிருந்து வந்த சொல் என்று தலைவர் சொன்னதுமே ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளும் வழக்கம் வாரியத்தில் இல்லாததால், அடுத்த கேள்வி வரும்வரை அப்படியே அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன? யாருக்காவது தெரியுமா?"

யோகேஸ்வரனுக்குத் தெரியும். அவர் படித்தது அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில். ஒரு பாதிரியார் பூவரசங்கொம்பில் மட்டை செதுக்கி, வேட்டியை மடித்துக் கட்டிய பையன்களுக்குப் பேஸ்பால் பழக்கினார். ஒரு தரம் ஊராருக்கு டிக்கெட் விற்றுப் போட்டி வைத்தார். கார்த்திகை மாதம். ஆட்டம் பாதி நடக்குமுன் மழை கொட்டியது. பாதிரியார் எல்லோரிடமும், கையிலுள்ள பாதி டிக்கெட்டைக் கவனமாக வைத்திருங்கள், மழையால் நின்ற ஆட்டத்தை அந்தத் துண்டைக் காட்டி இன்னொரு நாள் வந்து பார்க்கலாம், அதற்குப் பெயர்தான் ரெயின் செக் என்று நனைந்தபடியே விளங்கப்படுத்தினார். வெள்ளைக்காரன் ஏதோ சொல்கிறான் என்று சனம் கலைந்து போயிற்று. ஆனால் அடுத்த சனிக்கிழமை விடிய அந்த மனிதர் மைதானத்து வாசலில் நின்றார். வந்தது யோகேஸ்வரனும் தகப்பனாரும் இன்னும் சில பேரும்தான். அந்தச் சிலருக்காக முழு ஆட்டத்தையும் நடத்தினார்.

யோகேஸ்வரன் எழுந்து நின்று இதைச் சொன்னார். பாதி டிக்கெட்வரை சொன்னபோதே ஹார்கிரீவ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதாவது, ஆட்டம் நடக்கவில்லை. ஆனால் கையில் சீட்டு இருக்கிறது. ஆகவே யாரும் சண்டை பிடிப்பதில்லை."

"ஆம், சேர்."

"அந்த இன்னொரு நாள் எப்போது?"

அடுத்த சனிக்கிழமை என்பது யோகேஸ்வரனின் நாக்கு நுனிவரை வந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வேறு பதிலுக்காகக் காத்திருந்தது.

"அது நடத்துகிறவருடைய விருப்பம், சேர்," என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் ஆஸ்திரேலிய நிர்வாக வரலாற்றில் புதிய அத்தியாயம் தொடங்கிற்று என்று ஹார்கிரீவ்ஸ் பின்னால் ஒரு விருந்தில் பேசினார். யோகேஸ்வரன் அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில், ஆட்டத்தின் விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று லேசாக வருத்தப்பட்டார். ஆட்டம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் வாரியம் மறுப்பை ஒழித்தது.

"இன்றுமுதல் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லப்படமாட்டாது," என்று ஹார்கிரீவ்ஸ் அறிவித்தார். "மறுப்பு மனிதரைப் புண்படுத்துகிறது. புண்பட்டவர் அப்பீல் செய்கிறார். அப்பீலில் நாம் தோற்கிறோம். இந்தத் துயரம் இனி இல்லை. ஆட்டத்தை நடத்துவது நமது வேலையல்ல. வந்தவர் சந்தோஷமாக வீடு போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. அதுதான் நமது வேலை."

எல்லோரும் கைதட்டினார்கள். 'மறுக்கப்பட்டது' முத்திரையை வெல்வெட் துணியில் கிடத்தி, வாசல் மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்குப் பூட்டுப் போடவில்லை. 'இல்லை'யைத் திருட யார் வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மழைப் பிரிவு என்று ஒன்று உருவாயிற்று. சொல்லின் பொருள் தெரிந்தவர் என்பதால் யோகேஸ்வரனுக்கு அதில் பதவி உயர்வும் ஜன்னலோர மேசையும் கிடைத்தன. மறுப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் மழைச்சீட்டு, அதாவது ரெயின் செக், தடித்த காகிதத்தில், கங்காருவும் ஈமுவும் நிற்கும் அரச சின்னத்தோடு அச்சாகி வந்தது. மழை இருந்தால்தானே மழைச்சீட்டு கொடுக்கலாம் என்று சட்டப் பிரிவு ஒரு சந்தேகம் கிளப்பியது. அதனால் தினமும் காலையில் ஓர் அதிகாரி மண்டபத்துக்கு வந்து, 'இன்று மழை' என்ற பலகையைத் தொங்கவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்றானது. ஜனவரி வெயிலில் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும்போதும் பலகை தொங்கியது. விண்ணப்பதாரர் மனம் குழம்பக்கூடாது என்று ஊழியர்கள் குடையோடு வேலைக்கு வரும்படி சுற்றறிக்கை வந்தது. வானிலை நிலையம் வெயில் என்று அறிவிப்பது வாரியத்தின் பணிக்கு இடைஞ்சலாக இருப்பதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதமும் போயிற்று.

பிறகு மழையிலும் தரம் பிரித்தார்கள். இங்கிலாந்துப் பட்டத்துக்குத் தூறல். இத்தாலி, கிரேக்கப் பட்டங்களுக்கு மழை. ஆசியாவிலிருந்து வருபவர்களுக்குப் பருவமழை.

"அவர்களுக்கு அது பழக்கம்," என்று ஹார்கிரீவ்ஸ் கரிசனத்தோடு சொன்னார்.

ஒருநாள் உண்மையாகவே பெருமழை வந்து கூரை ஒழுகியது. அன்று பலகையைத் தொங்கவிடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. விதிகளில் அசல் மழைக்கு ஏற்பாடு இல்லை. ஒழுகலைத் திருத்தக் கேட்டவருக்கு ஒரு மழைச்சீட்டு கொடுத்து, மேசைகளை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

நடைபாதையின் கோடியில் அப்பீல் மன்றம் இருந்தது. வாரியம் மறுத்தால் மட்டுமே அங்கே போகலாம் என்பது சட்டம். இப்போது வாரியம் மறுப்பதில்லை. ஆகவே மன்றத்தின் மூன்று கிழவர்களும் சம்பளம் வாங்கிக்கொண்டு, வெட்டிய அட்டைத் துண்டுகளைப் பொருத்தித் துண்டுப் படம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்து போகும்போதெல்லாம் யோகேஸ்வரன் தரையைப் பார்த்து நடந்தார். மழைச்சீட்டு வாங்கியவர் ஒருநாளும் இந்தக் கதவைத் தட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சீட்டுகளை எண்ணிக் கட்டினார். யாரோ முகம் தெரியாத மனிதர்கள்தானே என்று இருந்துவிட்டார்.

முகம் தெரிந்த மனிதர் வந்தார். பெயர் பழனிசாமி. காங்கேயத்துப் பக்கம். பல வருஷம் அரசாங்க மாட்டு டாக்டராக இருந்தவர். சிட்னியில் மேற்குப் புறத்தில் ஆடுமாடு வெட்டும் தொட்டி ஒன்றில், வெட்டிய தளத்தைக் குழாய் பிடித்துக் கழுவிவிடுகிற வேலை பார்த்தார். மாட்டைப் பிழைக்க வைத்த கை இரத்தத்தைக் கழுவுகிறது என்று அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. வேலை வேலைதானுங்க என்பார். பரமட்டாவில் மளிகை வாங்கப் போன இடத்தில் யோகேஸ்வரனுக்குப் பழக்கமானவர். யோகேஸ்வரன் அவரை 'டொக்டர்' என்றே கூப்பிடுவார். இந்த நாட்டில் அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

நேர்காணலில் குறிப்பெடுக்க யோகேஸ்வரனே உட்கார வேண்டியிருந்தது.

"எத்தனை மாடுகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

பழனிசாமி சிரித்து, அதற்குக் கணக்கே இல்லை என்றார். 'பதிவுகள் வைத்திருக்கவில்லை' என்று குறிக்கச் சொன்னார்கள்.

இன்னோர் உறுப்பினர் ஆழமாக யோசித்துவிட்டுப் பேசினார். "இந்தியாவில் மாடு கடவுள். ஆஸ்திரேலியாவில் மாடு மாடுதான். கடவுளுக்கு வைத்தியம் பார்த்தவருக்கு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கத் தெரியும் என்று நாம் எப்படி நம்புவது?"

மற்றவர்கள் இதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள். பழனிசாமிக்குப் பருவமழைச் சீட்டு ஒன்று கைகுலுக்கலோடு வழங்கப்பட்டது.

லிப்டுக்குப் பக்கத்தில் அவர் காத்து நின்றார். சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாங்க. நல்ல சேதிதானுங்களே?"

இந்த இடத்தில் யோகேஸ்வரன், டொக்டர், இது ஒன்றுமில்லை, எழுத்தில் மறுப்புக் கேட்டு வாங்குங்கள், அதோ அந்தக் கதவைப் போய்த் தட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழனிசாமியின் முகமும் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது. ஹார்கிரீவ்ஸின் முகம் காத்திருந்த மாதிரியே.

"ஓம், டொக்டர்," என்றார். "கவனமா வைச்சிருங்கோ."

கவனமாக வைத்தார்கள். அடுத்த ஞாயிறு பழனிசாமி வீட்டில் சின்ன விசேஷம். கோயில் இல்லாத ஊரில், சமையலறை அலமாரியின் மேல்தட்டுத்தான் அவர்களுக்குக் கோயில். அங்கே மயில்மேல் இருந்த முருகனுக்குப் பக்கத்தில் கங்காருவும் ஈமுவும் விபூதி பூசிக்கொண்டு நின்றன. பழனிசாமியின் மனைவி மீனாம்பாள் வடையும் பாயசமும் செய்து, யோகேஸ்வரனுக்கு முதல் இலை போட்டாள். வந்திருந்தவர்கள் அலமாரித் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பார்மசி படித்துவிட்டுப் பஸ் கண்டக்டராக இருந்த நரசிம்மன் அவரைத் தனியே கூப்பிட்டு, "எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு ஆகுமா சார்? வருஷக்கணக்கானாலும் பரவாயில்லை," என்று தணிந்த குரலில் கேட்டார். யோகேஸ்வரன் மிச்சப் பாயசத்தை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

திரும்பும் ரயிலில் மனைவி கமலினி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சீட்டு மெய்யாவே நல்லதோ?"

"பார்ப்பம்."

கமலினிக்கு அந்தச் சொல் தெரியும். அவர்கள் ஊரில் 'மாட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சை முறிப்பதானாலும், காணி விற்கச் சம்மதமில்லை என்றாலும், பார்ப்பம் என்பார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய் மெல்ல விளங்கிக்கொள்வார். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தது. ஒரு மாலை பழனிசாமி ஸ்ட்ராத்பீல்டில் யோகேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். சாம்பியாவிலிருந்து ஆள் கேட்டிருக்கிறார்கள், மாட்டு டாக்டர் வேலை, வீடும் ஜீப்பும் தருகிறார்கள், உடனே பதில் எழுதவேண்டும் என்றார்.

"மீனாம்பா போலாங்கறா. எனக்கும் கை துறுதுறுங்குதுங்க. ஆனா இங்க சீட்டு வாங்கி வெச்சிருக்கறப்ப, உட்டுப்போட்டுப் போனா சர்க்கார அவமதிச்ச மாதிரி ஆயிருமில்லீங்களா? நீங்க உள்ள இருக்கறவரு. மழை எப்ப உடுமுங்க? நீங்க சொல்றபடி செய்யறனுங்க."

போங்கள் என்று ஒரு சொல் போதும். ஆனால் போகச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அன்றைக்கு லிப்டடியில் சொன்னது பொய்யாகும். தின்ற வடையும் முதல் இலையும் பொய்யாகும். யோகேஸ்வரன் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ, டொக்டர்," என்றார்.

பழனிசாமி சந்தோஷமாக எழுந்தார். அப்ப எழுதிப்போடறனுங்க, வர இயலாதுன்னு, என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். இரண்டு நாளில் எழுதிப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு யோகேஸ்வரனுக்கு நித்திரை கெட்டது. பரமட்டாவில் மளிகை வாங்குவதை நிறுத்தினார். பழனிசாமியை எங்கேயாவது தூரத்தில் கண்டால் கடைக்குள் நுழைந்தார். ஒரு தடவை பெண்களின் தொப்பிக் கடைக்குள் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். கமலினி அதை வாங்கிப் பார்த்தாள். யாருக்கு, ஏன் என்று கேட்காமல் பெட்டிக்குள் வைத்தாள். கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒளித்துத் திரிந்தவரைத் தேடிப் பழனிசாமியே அலுவலகத்துக்கு வந்தார். வெளியே நல்ல வெயில். 'இன்று மழை' பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார். ஒன்றும் கேட்க வரவில்லை, இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துவிட்டுப் போகலாமென்று, என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

"போன வாரம் தொட்டியில ஒரு மாடு. வெட்டக் கொண்டாந்தது. சினை மாடுன்னு யாரும் பாக்கலீங்க. வரிசையில நிக்கறப்பவே கன்னு குறுக்க வந்து மாட்டிக்கிச்சு. அது கத்துன கத்து இருக்குதே. குழாயக் கீழ போட்டுட்டுப் போய்க் கையை உட்டு, திருப்பி, இழுத்து எடுத்துப்போட்டனுங்க. கெடாரிக் கன்னு. செவலை. மேஸ்திரி வந்து சத்தம் போட்டான். நீ யாரு, உனக்கு என்ன தகுதி மாட்டத் தொடறதுக்குன்னு. எழுதிக் குடுத்துட்டாங்க, இன்னொருக்கா தொட்டா வேலை இல்லைன்னு. பரவால்லீங்க. நம்மகிட்டத்தான் சீட்டு இருக்குதில்ல, மழை உட்டதும் காமிச்சுக்கலாமுன்னு இருந்துட்டேன்."

"கண்டுக்குட்டி என்ன ஆச்சுது, டொக்டர்?"

பழனிசாமி மண்டபத்தில் தொங்கிய குடைகளைப் பார்த்தார்.

"சரிங்க, வேலை நேரம். போயிட்டு வர்றனுங்க," என்று எழுந்து போனார்.

யோகேஸ்வரன் எழுந்து மண்டபத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முத்திரையை எடுத்தார். வெல்வெட்டில் அதன் பள்ளம் மட்டும் இருந்தது. மேசைக்கு வந்து பழனிசாமியின் விண்ணப்பத்தை விரித்தார். ஊதா மை காய்ந்து போயிருந்ததால் எச்சிலைத் தொட்டுக் குத்தினார். 'மறுக்கப்பட்டது'. கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டார். அன்று மாலையே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பழனிசாமி வீட்டுக்குப் போனார்.

மீனாம்பாள் கதவைத் திறந்தாள். உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்து முகம் விரிந்தது. பழனிசாமி சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"டொக்டர், இது மறுப்பு," என்று நீட்டினார் யோகேஸ்வரன். "பயப்பிடாதேங்கோ. இதைக் கொண்டு போனால்தான் அப்பீல் மன்றம் உங்களை உள்ள விடும். திங்கட்கிழமையே போங்கோ. அந்தச் சீட்டோட எங்கையும் போகேலாது."

பழனிசாமி வாசித்தார். கீழே இருந்த கையெழுத்தையும் வாசித்தார்.

"அப்ப அந்தச் சீட்டு?"

"அது ஒண்டுமில்லை, டொக்டர். இல்லை எண்டதை வடிவாச் சொல்லுற கடதாசி. எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தச் சொல்லுக்கு விளக்கம் குடுத்ததே நான்தான். நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும்."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற ஓசை கேட்டது. மீனாம்பாள் போய் அணைத்துவிட்டு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாம்பியாவுக்குப் போகாதீங்கன்னு சொன்னீங்களே. அன்னிக்கும் தெரியுமுங்களா?"

யோகேஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷம். எந்தப் பதில் வேண்டும் என்று அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"ஓம். தெரியும்."

அவள் திட்டவில்லை. அழவுமில்லை. உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குடிச்சுட்டுப் போங்க என்றாள். அலமாரித் தட்டிலிருந்து சீட்டை எடுத்தாள். கங்காருமேல் இருந்த விபூதியை முந்தானையால் துடைத்து, அதையும் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சர்க்கார் காயிதம். எங்க ஊட்டுல எதுக்குங்க," என்றாள்.

திங்கட்கிழமை வாரியம் அல்லோலகல்லோலப்பட்டது. ஹார்கிரீவ்ஸ் வெறுமையாக இருந்த பெட்டிக்கு முன்னால் நின்று பேசினார். அவருடைய குரல் உண்மையிலேயே நடுங்கியது.

"இந்தக் கட்டடத்துக்குள் ஒரு மனிதரிடம் ஒளிவுமறைவில்லாமல் உண்மை சொல்லப்பட்டிருக்கிறது. நம்மில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார். இன்று ஒருவரிடம் சொன்னால் நாளை எல்லோரும் கேட்பார்கள். பிறகு நாம் பட்டங்களை வாசித்துப் பார்க்க வேண்டிவரும்."

பலருக்கு உடம்பு சிலிர்த்தது. யோகேஸ்வரனை விசாரணைக்கு அழைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தார். போகவேண்டும் என்றும் உள்ளுக்குள் ஆசைப்பட்டார். ஏதாவது ஒரு தண்டனை கிடைத்தால் ஒரு வாய் சோறாவது இறங்கும்.

"உங்களை வேலையிலிருந்து நீக்கவே விரும்புகிறோம்," என்றார் ஹார்கிரீவ்ஸ். "ஆனால் பணிநீக்கம் என்பது ஒருவகை மறுப்பு. வாரியம் மறுப்பதில்லை. ஆகவே உங்கள் தண்டனை மழை காரணமாகத் தள்ளிவைக்கப்படுகிறது."

கைகுலுக்கி ஒரு சீட்டைக் கொடுத்தார். பருவமழைதான்.

நடைபாதையின் கோடியில் மூன்று கிழவர்களும் பழனிசாமியைக் கண்டு துண்டுப் படத்தை மேசையிலிருந்து வழித்துத் தள்ளினார்கள். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட ஒருவரோடொருவர் முண்டினார்கள். பட்டத்தை வாசித்தார்கள், அனுபவத்தைக் கேட்டார்கள், கன்று குறுக்கே மாட்டினால் எப்படித் திருப்புவது என்று ஒருவர் நாற்காலிக் குஷனை வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். மத்தியானத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது. பட்டம் செல்லும். பின்னேரம் வேறு வேலை இல்லாததால் தீர்ப்பை இன்னொரு தரம் வாசித்தார்கள்.

சிட்னித் தமிழர்களிடையே கதை வேறுமாதிரிப் பரவியது. நம் ஆள் என்று நம்பியிருந்தவரே மறுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், நல்லவேளை மேலே இருந்த வெள்ளைக்காரர்கள் காப்பாற்றினார்களாம். நரசிம்மன் பஸ்ஸில் யோகேஸ்வரனைக் கண்டும் காணாத மாதிரி டிக்கெட் கிழித்தார். அவருடைய பையில் ஒரு மழைச்சீட்டு இருந்தது, யோகேஸ்வரனுக்குத் தெரியாமல் நேரே போய் வாங்கியது.

"நடந்ததைச் சொல்லுங்கோவன்," என்றாள் கமலினி.

"நடந்ததைச் சொன்னால் சாம்பியாக் கதையும் சொல்லோணும்," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழனிசாமிக்கு டப்போ பக்கம் வேலை கிடைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மாடு மேயும் ஊர். புறப்படும் நாளில் மத்திய நிலையத்து மேடைக்கு யோகேஸ்வரன் போனார். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. மீனாம்பாள் பெட்டிக்குள் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பழனிசாமி இறங்கி வந்தார். புதுத் தோல் பை ஒன்று கையில் இருந்தது. நன்றி சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. கொஞ்ச நேரம் பையின் வாரை இழுத்து இழுத்துவிட்டார்.

"சனிக்கிழமையில நாங்கள் வீட்டிலதான் இருப்பம், டொக்டர்," என்றார் யோகேஸ்வரன். "சிட்னிக்கு வந்தால் சாப்பிட வாங்கோ. ரெண்டுபேரும். எந்தச் சனிக்கிழமை எண்டாலும்."

பழனிசாமி ஆமாமென்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை என்கிற மனிதர். வேறு விதமாக அவர் பேசி யோகேஸ்வரன் கேட்டதில்லை. அவர் கைகுலுக்கினார். வாரியத்தில் அவருக்குக் குலுக்கிய மாதிரியே, அன்பாகத்தான் குலுக்கினார்.

"பாக்கலாமுங்க," என்றார்.

ரயில் போய்விட்டது.

சனிக்கிழமைகளில் கமலினி இரண்டு பேருக்குக் கூடவே அரிசி போடுகிறாள். யோகேஸ்வரன் காலையிலேயே சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு, வாசல் கேட்டடியில் போய் நிற்பார். வெயிலானாலும் நிற்பார். மழையானாலும், வாரியத்துக்குக் கொண்டுபோகும் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிந்தினால் அவள் எட்டிப் பார்ப்பாள்.

"அவை வரமாட்டினமப்பா. சோறு ஆறுது, உள்ள வாங்கோ."

"தெரியும்," என்பார். கேட்டைச் சாத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்.